கோயில் வைஃபையில் ஒரு மர்மம்: கிறிஸ்தவத் துப்பறியும் நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

கணினி வலையமைப்பைக் களமாக வைத்து, யாழ்ப்பாணத்தில் நடக்கும் கிறிஸ்தவத் துப்பறியும் நாவல் எழுதப் புறப்படுகிறவர்களின் கைப்பிரதிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் குப்புற விழுகின்றன. ஒரு அத்தியாயத்தில் துப்பறிபவர் முழந்தாளில் நின்று செபிக்கிறார். அடுத்த அத்தியாயத்தில் கள்ளன் யாரென்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் இவ்வளவு நேரமும் கணினிகளை இணைக்கும் ரவுட்டரும் சுவிட்சும் எதற்கு வந்தன என்று கேட்டால் எழுதினவரிடம் பதில் இல்லை.

இந்த வழிகாட்டி ஒரு வேலைப் பிரிவினையின் மேல் நிற்கிறது. யார் செய்தது என்று கண்டுபிடிப்பது வலையமைப்பின் வேலை. தெரிந்த பிறகு அந்த ஆளை வைத்து என்ன செய்வது என்பது விசுவாசத்தின் வேலை. இந்த இரண்டும் இடம் மாறினால் மர்மமும் கெடும், கிறிஸ்தவமும் கெடும். படிகளின் ஒழுங்கும் அதற்கேற்றபடிதான் இருக்கிறது. விளக்கத்துக்கு ஒரே கதையைக் கடைசிவரை கொண்டுபோகிறேன்: கரையோரக் கத்தோலிக்கப் பங்கு (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள கோயிலும் அதன் சனமும்) ஒன்று, கோயில் கூரை திருத்தக் கனடாவிலிருந்து வரவேண்டிய காசு, இடையில் மாற்றப்பட்ட வங்கிக் கணக்கு இலக்கம்.

1. எழுதமுன் மேசையில் இருக்கவேண்டியவை

ஒரு பழைய ரவுட்டர், இரண்டு கைபேசி, ஒரு மடிக்கணினி. இவற்றை இணைத்து வீட்டிலேயே சின்ன வலையமைப்பு ஒன்றை அமையுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய், எந்தக் கருவி எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்ற பட்டியலைக் கண்ணாலே பாருங்கள். பார்க்காமல் எழுதினால், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மழையாய்க் கொட்டும் சினிமாக் காட்சிதான் உங்கள் நாவலிலும் வரும்.

பரிசோதனை எல்லாம் உங்கள் சொந்தக் கருவிகளில் மட்டும். அடுத்த வீட்டு வைஃபையில் வயர்ஷார்க்கை (வலையமைப்பில் ஓடும் தரவைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஓடவிட்டுப் பார்ப்பது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் உங்களையே மாட்டிவிடும். உங்கள் கதாநாயகிக்கும் இதே சட்டம்தான் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் உதவும்.

கதை நடக்கும் ஆண்டின் திருவழிபாட்டு நாட்காட்டி வேண்டும். 2024ஐ எடுத்தால் பெரிய வெள்ளி மார்ச் 29, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 31. மாதக் கணக்கு முடிக்கும் நாளும் பாஸ்கா என்ற உயிர்ப்புப் பெருவிழாவும் ஒன்றாய் வந்து விழுகின்றன. இப்படியான தற்செயலை நீங்களாகக் கற்பனை செய்தால் செயற்கையாகத் தெரியும். நாட்காட்டி தரும்போது நம்பலாம்.

கடைசியாக, இரண்டு வாசகர்களை இப்போதே பேசி வையுங்கள். ஒருவர் குருவோ வேதபாடம் படிப்பிக்கிறவரோ, மற்றவர் வயர் இழுத்து ரவுட்டர் பூட்டிப் பிழைக்கிறவர். எழுதி முடித்த பிறகு தேடினால், கிடைக்கிற ஆள் உங்கள் மனம் நோகக்கூடாதென்று தலையாட்டுகிற ஆளாக இருப்பார்.

2. குற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள்

புதிதாய் எழுதுகிறவர்கள் துப்பறிபவரிலிருந்து தொடங்குகிறார்கள். அவருடைய தாடி, மோட்டார் சைக்கிள், பழைய காதல் எல்லாம் ஐம்பது பக்கம் ஓடும். குற்றம் என்னவென்று அதற்குப் பிறகுதான் யோசிப்பார்கள்.

ஒரு தாளை எடுத்து, நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுங்கள். மர்மம், திருப்பம் எதுவும் வேண்டாம், பொலிஸ் முறைப்பாடு மாதிரி வறட்சியாய் இருக்கட்டும். எங்கள் கதையில் அது இப்படி வரும். பெரிய வெள்ளி பின்னேரம் எல்லாரும் கோயிலுக்குள் நிற்கையில், பங்கின் பொருளாளர் கோயில் வளவுக்குள் வந்து, தன் கைபேசியை அலுவலக வைஃபையில் இணைத்து, பங்கின் மின்னஞ்சலைத் திறக்கிறார். கடவுச்சொல் அலுவலகக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டிலேயே இருந்தது. ரொறன்ரோ ஊர்ச்சங்கத்துக்கு அனுப்பத் தயாராய் இருந்த கடிதத்தில் கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறார்.

அவர் ஏன் தன் சொந்த டேற்றாவைப் பாவிக்கவில்லை? சிம் அவருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது. கோயில் வைஃபை என்றால் கோயிலுக்குள் வந்துபோகும் எல்லார்மேலும் சந்தேகம் போகும். இப்படி ஒவ்வொரு செயலுக்கும் ஒரு ‘ஏன்’ இந்தத் தாளிலேயே இருக்கவேண்டும். இங்கே இல்லாத காரணம் முந்நூறாம் பக்கத்தில் தானாக முளைக்காது.

குற்றத்தின் அளவு சின்னதாக இருக்கட்டும். உலக வங்கியை முடக்கும் ஹக்கர் யாழ்ப்பாணத்துப் பங்கு மண்டபத்தில் பொருந்தமாட்டார். ஒருவரையொருவர் ஞானஸ்நானம் தொட்டுத் தெரிந்த ஊரில், கூரைக் காசு காணாமல் போவதே போதுமான பயங்கரம்.

3. எந்தச் சபை என்று முடிவெடுங்கள்

யாழ்ப்பாணத்தில் ‘பொதுவான கிறிஸ்தவர்’ என்று ஒருவர் இல்லை. குருநகரிலும் பாசையூரிலும் இருக்கிற கத்தோலிக்கர் கோயிலுக்குப் போய்ப் பூசை காண்பார், செபமாலை சொல்லுவார், குருவைப் பாதர் என்பார். உடுவிலிலோ வட்டுக்கோட்டையிலோ தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர் ஆராதனைக்குப் போவார், ஜெபிப்பார். பெந்தெகொஸ்தே சபைக்காரருக்குப் பாஸ்டர், சாட்சி, உபவாச ஜெபம். ஒரே கதாபாத்திரம் இரண்டாம் பக்கத்தில் பூசைக்கும் பத்தாம் பக்கத்தில் ஆராதனைக்கும் போனால், உள்ளூர் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

சொல் வேறுபாடு மேலோட்டம். கதையைத் தாங்குகிற வேறுபாடுகள் இரண்டு உண்டு.

முதலாவது, வேதாகமம். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் நூலுக்கு 13ஆம் 14ஆம் அதிகாரங்கள் உண்டு. சீர்திருத்தச் சபையார் கையிலிருக்கும் வேதாகமத்தில் தானியேல் 12ஆம் அதிகாரத்தோடு முடிந்துவிடும். அந்த இரண்டு அதிகாரங்களும் துப்பறியும் கதைகள். சூசன்னாமேல் பொய்க் குற்றம் சாட்டிய முதியோர் இருவரையும் தானியேல் பிரித்து விசாரிக்கிறார். எந்த மரத்தின் கீழ் கண்டாய் என்று கேட்க, ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டுகிறார்கள். அடுத்த அதிகாரத்தில் பேல் தெய்வத்தின் கோயில் தரையில் இரவு சாம்பலைத் தூவிவிட்டு, கள்ளக் கதவால் வந்து படையலைத் தின்றவர்களின் காலடித் தடத்தை விடியக் காட்டுகிறார். வலையமைப்புக்காரர் லொக் என்று சொல்லும் பதிவேடு செய்வதும் அந்தச் சாம்பலின் வேலையைத்தான்.

இரண்டாவது, பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் தனியே பாவத்தை அறிக்கையிடுவது. கத்தோலிக்கக் குருவின் இரகசியக் கடமைக்கு இணையான இறுக்கம் மேலே சொன்ன மற்ற இரண்டு சபைகளிலும் இல்லை. அது 8ஆம் படியில் விரிவாக வரும்.

என் தெரிவு: களம் கத்தோலிக்கப் பங்கு, துப்பறிகிற பெண் தென்னிந்தியத் திருச்சபைக்காரி. ஊர் ஊராய் வயர் இழுத்து, கமெரா பூட்டி, ரவுட்டர் பார்க்கிற பிள்ளை. கோயிலுக்குள் நடக்கிறதை அவள் வெளியாளாக நின்று கேட்டறிய வேண்டியிருப்பதால், பிற மத வாசகருக்கும் விளக்கம் இயல்பாய்க் கிடைக்கிறது. பாடம் நடத்தவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

4. வலையமைப்பை ஒரு தாளில் வரையுங்கள்

கதாபாத்திரப் பட்டியல் போலக் கருவிப் பட்டியலும் வேண்டும். வெளியிலிருந்து வரும் ஃபைபர், அதன் பெட்டி, ரவுட்டர், எட்டுத் துளைச் சுவிட்ச், அலுவலகக் கணினி, பாதரின் மடிக்கணினி, கமெராப் பெட்டி, இளைஞர் மன்றத்துப் பெடியளின் கைபேசிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: இதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது.

ரவுட்டருக்கு, எந்தக் கருவி எப்போது சேர்ந்தது, அதற்கு எந்த உள் முகவரி கொடுக்கப்பட்டது என்பது தெரியும். ஆஸ்பத்திரியில் வரிசைத் துண்டு கொடுப்பதுபோல, வருகிற கருவிக்கு 192.168.1.23 என்று ஒரு இலக்கத்தைக் குறித்த காலத்துக்குக் கொடுக்கும், காலம் முடிந்தால் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும். ஆகவே இலக்கத்தை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. அந்த நேரத்தில் அந்த இலக்கம் எந்தக் கருவியிடம் இருந்தது என்று பார்க்கவேண்டும்.

சுவிட்சுக்கு மறதி அதிகம். எந்தத் துளையில் எந்தக் கருவி என்ற அட்டவணையைப் பல சுவிட்சுகள் 300 விநாடிகளில் அழித்துவிடும். இரண்டு கிழமைக்குப் பிறகு சுவிட்சைத் திறந்து கள்ளனைக் கண்டுபிடிக்கும் காட்சியை எழுதிவிடாதீர்கள்.

உள்ளடக்கம் ரவுட்டருக்கும் தெரியாது, சுவிட்சுக்கும் தெரியாது. இன்றைய இணையத் தளங்கள் பெரும்பாலும் மறையாக்கத்தோடு இயங்குவதால், எந்தத் தளத்துக்குப் போனது என்பதை ஊகிக்கலாம், என்ன எழுதியது என்பதைப் பார்க்கமுடியாது. ‘ரவுட்டரைத் திறந்து அவன் எழுதின கடிதத்தை வாசித்தாள்’ என்ற வரி நான் பார்த்த கைப்பிரதிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அது நடவாத காரியம்.

வெளியுலகுக்கு முழுப் பங்கும் ஒரே முகவரி. மின்னஞ்சல் நிறுவனம் தன் பக்கத்தில் அந்த வெளி முகவரியையும் நேரத்தையும் பதிந்து வைத்திருக்கும், கணக்குக்குச் சொந்தக்காரர் அதைத் திறந்து பார்க்கலாம். பாதர் திறந்து காட்டுகிறார். முகவரி கோயிலுடையதே. வெளியாள் வேலை இல்லை என்பது அந்த இடத்தில் உறுதியாகிறது. இணைய நிறுவனத்திடம் இருக்கும் பதிவுகளோ உங்கள் கதாநாயகிக்குக் கிடையாது, அதற்குப் பொலிசும் நீதிமன்றமும் வேண்டும். அந்தத் தடை இருக்கிறபடியால்தான் அவள் மூளையைப் பாவிக்கிறாள்.

கமெரா பற்றி ஒரு சொல். அலுவலக வாசலைப் பார்க்கிற கமெரா இருந்தால் உங்கள் நாவல் மூன்றாம் அத்தியாயத்தில் முடிந்துவிடும். எங்கள் பங்கில் இருக்கிற ஒரே கமெரா உண்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம்பக்கூடிய விஷயம்தான்.

5. இரண்டு மணிக்கூடுகளையும் பொருத்துங்கள்

நாவலின் இதயம் இங்கே. அவசரப்படாமல் செய்யுங்கள்.

துப்பறியும் கதை நேரத்தால் ஆனது. உங்கள் கதையில் இரண்டு நேரம் ஓடுகிறது: கோயிலின் நேரம், கருவிகளின் நேரம். இரண்டையும் ஒரே தாளில் இரண்டு பத்தியாக எழுதி, எங்கே முரண்படுகின்றன என்று பாருங்கள். மர்மம் அந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது.

கருவியின் நேரம் பிழைக்கச் சில வழிகள் உண்டு, ஒவ்வொன்றும் வேறு தடயத்தை விடும். கறண்ட் போய் வந்தால், உள்ளே மின்கலம் இல்லாத ரவுட்டர் நேரத்தை மறந்து ஒரு பழைய திகதியிலிருந்து தொடங்கும். சிஸ்கோ நிறுவனத்தின் பழைய ரவுட்டர்கள் 1993 மார்ச் 1 என்று காட்டும், நேரம் நம்பத்தக்கதல்ல என்றால் பதிவின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் விழும். இரண்டாவது, மணிக்கூடு மெல்ல மெல்ல விலகுவது. அப்போது வித்தியாசம் ஏழு நிமிடம், பதினொரு நிமிடம் என்று கோணலாக வரும். மூன்றாவது, நேர வலயப் பிழை. அப்போது வித்தியாசம் சரியாக முப்பது நிமிடம், ஒரு மணித்தியாலம் என்று வரும்.

இலங்கைக்கென்றே ஒரு முப்பது நிமிடம் இருக்கிறது. 1996 மே மாதத்தில் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது, அந்த ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது, 2006 ஏப்ரலில் மற்ற அரை மணித்தியாலமும் குறைந்து, உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்ற பழைய நிலைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தின் மென்பொருட்களில் எங்கள் வலயம் உலகப் பொது நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னே என்று பதிந்திருந்தது. பழைய விண்டோஸ் பட்டியலில் ஸ்ரீ ஜெயவர்த்தனபுரவுக்குப் பக்கத்தில் நின்றதும் அந்த ஆறுதான். யாரோ ஒரு அலுவலகம் கழித்துக் கொடுத்த பழைய ரவுட்டரைப் பங்குக்கு அன்பளிப்பாக வையுங்கள். அதில் வலயம் இன்னும் ஆறு. இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்தும் அரை மணித்தியாலம் முன்னே ஓடும், ஏனென்றால் இணையம் கொடுப்பது உலகப் பொது நேரம், அதோடு எவ்வளவு கூட்டுவது என்பதைக் கருவி தானே முடிவுசெய்கிறது.

இப்போது முரண்பாட்டைக் கட்டுங்கள். மின்னஞ்சல் பதிவு, கடிதம் திறக்கப்பட்டது 3.37க்கு என்கிறது. ரவுட்டர் பதிவோ, அந்தப் பின்னேரம் புதிதாகச் சேர்ந்த ஒரே கைபேசி 4.05க்குத்தான் சேர்ந்தது என்கிறது. கைபேசி வரமுன்னரே கடிதம் திறந்தாயிற்று! அப்படியானால் ஏற்கெனவே இணைந்திருந்த அலுவலகக் கணினியில்தான் நடந்திருக்கவேண்டும், அதன் திறப்பு இளைஞர் மன்றத்துப் பெடியனிடம். அவன் திறப்பை யாருக்கோ கொடுத்திருக்கிறான் என்று ஊர் முழுக்க அந்தப் பெடியன்மேல் பாய்கிறது.

முப்பது நிமிடம் பிடிபடும்போது எல்லாம் புரள்கிறது. கைபேசி சேர்ந்தது 3.35. இரண்டு நிமிடத்தில் கடிதம் திறந்திருக்கிறது. அலுவலகக் கணினிக்கோ அதன் திறப்புக்கோ இதில் வேலையே இல்லை. அந்த நேரத்தில் பெடியன் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று யோவான் நற்செய்தியின் பாடுகளின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தான், கோயில் நிறைந்த சனம் சாட்சி. பெரிய வெள்ளி வழிபாட்டின் ஒழுங்கு உங்களுக்குக் கைகொடுக்கிறது: மூன்று மணிக்குத் தொடங்கினால் 3.35க்குப் பாடுகளின் வாசிப்பு, நாலு மணிக்குப் பிறகு சிலுவை முத்தி. அந்த வரிசையில்தான் ஆட்கள் கலைவதும் கூடுவதும். 4.05 என்று நம்பியிருந்தவரை அந்தக் கைபேசிக்காரரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதை எழுதமுன் உங்கள் பழைய ரவுட்டரில் வலயத்தை மாற்றி, ஒரு கைபேசியை இணைத்து, பதிவு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கூட்டவேண்டிய இடத்தில் கழித்தால் நாவல் முழுதும் ஒரு மணித்தியாலம் பிசகும்.

6. துப்பை விதைக்கும் ஒழுங்கு

விதி ஒன்றுதான்: ஒரு தொழில்நுட்ப விஷயம் துப்பாகத் தேவைப்பட முன், குறைந்தது ஒரு தடவை தொல்லையாக வந்துபோயிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் ‘இலங்கையின் நேர வலயம் 2006இல் மாறியது தெரியுமா?’ என்று தொடங்கினால் வாசகரை ஏமாற்றியதாகிவிடும்.

முதல் அத்தியாயத்திலேயே, குருத்தோலை ஞாயிறுக்கு ஒலிபெருக்கி பார்க்க வந்த இடத்தில், இப்படிப் போட்டுவிடலாம்:

“பாதர், இந்த ரவுட்டரின்ர நேரம் பிழையாக் கிடக்கு.”

“அது ஓடுது தானே பிள்ளை. முதல்ல ஸ்பீக்கரைப் பாரும், வெளியில நிக்கிற சனத்துக்கு ஒண்டும் கேக்கேல்லையாம்.”

எவ்வளவு பிழை என்று அவள் சொல்லவில்லை. வாசகர் சிரித்துக்கொண்டு கடந்துபோவார். துப்பைச் சொல்லியும் ஆயிற்று, மறைத்தும் ஆயிற்று.

இன்னொன்றையும் சேர்த்து விதைக்க வேண்டும். சின்ன ரவுட்டரின் பதிவுகள் கறண்ட் போனால் அழிந்துவிடும். ஆகவே அவள் அந்தப் பதிவுகளை அலுவலக மூலையில் கிடக்கும் பழைய கணினிக்கு அனுப்பும்படி எப்போதோ செய்து வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு மூன்று மாதப் பதிவை வாசிக்க வைத்தால், வயர் இழுக்கிற வாசகர் சும்மா விடமாட்டார்.

கோயில் பக்கத்துத் துப்பையும் இதே மாதிரி. பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடியபின், பாஸ்கா இரவில் அது திரும்பப் பாடப்படும்வரை கத்தோலிக்கக் கோயிலில் மணி அடிப்பதில்லை. வியாழன் இரவுக் காட்சியில், மணிக்குப் பதிலாக அடிக்கும் மரத்தட்டின் சத்தத்தைக் கேட்டு அவள் ‘இதென்ன’ என்று விசாரிக்கட்டும். அங்கேயே விட்டுவிடுங்கள்.

7. கருவியிலிருந்து ஆளுக்குப் போகும் வழி

பதிவேடு கருவியைக் காட்டும், கருவியை யார் கையில் வைத்திருந்தார் என்று காட்டாது. புதியவர்கள் இந்த இடைவெளியை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்: ‘அந்த முகவரி பொருளாளரின் கைபேசியுடையது.’ எப்படித் தெரியும்?

இன்றைய கைபேசிகள் பொதுவாக உண்மையான மேக் முகவரியைக் (ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையில் கொடுக்கப்படும் அடையாள இலக்கம்) காட்டுவதில்லை. அண்ட்ரொயிட் 10, ஐ.ஓ.எஸ். 14 காலத்திலிருந்து ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியை உண்டாக்கிக்கொள்ளும் வசதி இயல்பாகவே இயங்குகிறது. ஆனால் பொதுவாக, ஒரே வைஃபைக்குத் திரும்ப வரும்போது அதே பொய் முகவரியோடுதான் வரும். அதற்குள் ஒரு வழி இருக்கிறது. அவள் பழைய பதிவுகளைப் புரட்டுகிறாள். அந்த முகவரி நிதிக்குழுக் கூட்டம் நடக்கும் பின்னேரங்களில் மட்டும் வந்திருக்கிறது. குழுவில் ஐந்து பேர். கூட்டக் குறிப்புப் புத்தகத்தின் வரவு ஒப்பங்களோடு பொருத்திப் பார்க்கிறாள். ஒரு கூட்டத்துக்கு முகவரி வரவில்லை, அன்று ஒப்பமிடாதவரும் ஒருவர்தான்.

கவனியுங்கள், முடிச்சை அவிழ்த்தது கணினியும் மட்டைபோட்ட கொப்பியும் சேர்ந்து. யாழ்ப்பாணத்துச் சங்கங்கள் கூட்டக் குறிப்பை எழுதி, வாசித்து, ஒப்பம் வாங்கும் ஒழுங்கில் இறுக்கமானவை. அதைப் பாவிக்காமல் விடாதீர்கள்.

இவ்வளவும் சேர்ந்தாலும் அது வலுத்த சந்தேகம் மட்டுமே. கைபேசியை மகன் கொண்டுபோயிருக்கலாம். இங்கேதான் சூசன்னாவின் கதை உதவும்: பிரித்துக் கேட்பது, கேட்காததைத் தானே சொல்லவைப்பது.

“பெரிய வெள்ளியண்டு எனக்குச் சரியான தலையிடி, பிள்ளை. வீட்டிலதான் கிடந்தனான். கோயில் மணி கேட்டுத்தான் எழும்பிக் குளிசை போட்டனான்.”

மணி அடிக்காத நாள். வியாழன் இரவுக் காட்சியை ஞாபகம் வைத்திருக்கும் வாசகர் கதாநாயகிக்கு ஒரு வரி முன்னாலேயே பிடித்துவிடுவார். பிடிக்கட்டும், அந்தச் சந்தோசத்துக்காகத்தான் அவர் புத்தகம் வாங்குகிறார்.

8. பாவசங்கீர்த்தனம் என்ற முடிச்சு

பொருளாளர் பெரிய சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறார். இனிப் பாதருக்குத் தெரியும், ஆனால் அவர் சொல்லமுடியாது.

இந்த இடத்தில் எழுத்தாளர்கள் செய்கிற பெரிய பிழை, பாதரை ‘மறைமுகமாக’ உதவ வைப்பது. ஒரு பார்வை, ஒரு வசனம், திறந்து வைத்த விவிலியப் பக்கம். திருச்சபைச் சட்டம் 983 இரகசியத்தை மீறமுடியாதது என்கிறது, சொல்லால் மட்டுமல்ல, வேறு எந்த விதத்திலும் காட்டிக்கொடுக்கக் கூடாது. நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபை விலக்குக்கு ஆளாகிறார். அடுத்த சட்டமான 984 இன்னும் இறுக்கம்: ஒருவருக்கும் தெரியவராது என்றிருந்தாலும், கேட்டறிந்ததைப் பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குப் பாதகமாகப் பாவிக்கக் கூடாது.

அந்த 984ஐத்தான் பிடியுங்கள். வலையமைப்பும் விசுவாசமும் நேருக்கு நேர் முட்டுவது அங்கே. திங்கட்கிழமை அவள் வந்து, “பாதர், வைஃபை பாஸ்வேட்டை மாத்துவம், நிதிக்குழுவிட்ட இருக்கிற மின்னஞ்சல் பாஸ்வேட்டையும் மாத்துவம்” என்கிறாள். எந்த வலையமைப்புக்காரரும் முதலில் செய்கிற காரியம். பாதர் தயங்குகிறார். இப்போது மாற்றினால், அவள் சொன்னதற்காக மாற்றுகிறாரா, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதற்காக மாற்றுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. “பிறகு பாப்பம் பிள்ளை” என்கிறார். அவளுக்கு அது எப்படித் தெரியும்? குற்றவாளியைக் காப்பாற்றுகிறார் என்று. அல்லது அவர்தான் குற்றவாளி என்று. அந்தப் பெண் தென்னிந்தியத் திருச்சபைக்காரியாக இருப்பதன் பலன் இங்கே கிடைக்கிறது, இந்தத் தயக்கத்தின் காரணம் அவளுக்கு உடனே பிடிபடாது.

பாதரின் மனதுக்குள் போய் இதை விளக்கவேண்டாம். பாதரின் பார்வையில் ஒரு அத்தியாயம் எழுதினாலே இரகசியத்தை நீங்கள் உடைத்தவராவீர்கள். கதை முழுதும் அவளுடைய பார்வையிலேயே நிற்கட்டும்.

9. பேச்சு

விவரணை பொதுத் தமிழிலும் பேச்சு ஊர்த் தமிழிலும் இருப்பது பாதுகாப்பு. தொழில் சொற்களை ஆட்கள் சொல்கிறமாதிரியே விடுங்கள்: ரவுட்டர், பாஸ்வேட், கறண்ட், வயர். ‘திசைவி’ என்று எந்த வயர்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பாதர் அவளைப் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டு ‘பாரும், சொல்லும்’ என்று பேசுவார். அவள் பொருளாளரை ‘அங்கிள்’ அல்லது ‘மாஸ்ரர்’ என்பாள், அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றால் இரண்டாவது. மாஸ்ரர் என்று நாலு தலைமுறை கூப்பிட்ட ஆளைக் கள்ளன் என்று சொல்லவேண்டிய கனம் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

10. வெளிப்படுத்தும் காட்சி

எல்லாரையும் மண்டபத்தில் கூட்டி விரல் நீட்டும் முடிவு இங்கே பொருந்தாது. ஊருக்குள் அது கொலைக்குச் சமன். இறைவாக்கினர் நாத்தான், பாவம் செய்த தாவீது அரசனிடம் போன விதம் (2 சாமுவேல் 12) உங்களுக்கு முன்மாதிரி: தனியே போய், வேறொருவன் கதைபோலச் சொல்லி, கேட்பவனே தீர்ப்புச் சொல்லும்வரை பொறுப்பது. அவள் மாஸ்ரரின் வீட்டுக்குப் போய், பழைய ரவுட்டரின் நேரப் பிழையைப் பற்றி மட்டும் கதைக்கட்டும்.

கடைசி இரண்டு பக்கத்தில் அவர் அழுது மனம்திரும்பி எல்லாம் சுபம் என்று முடிக்காதீர்கள். நற்செய்தியில் வரும் வரிதண்டுவோன் சக்கேயு, ஏமாற்றிப் பெற்றதை நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான் (லூக்கா 19:8). மனம்திரும்புதலுக்குக் கணக்கு உண்டு. காசு எங்கே, எவ்வளவு மிச்சம், யார் காணி விற்றுக் கட்டுகிறார், ரொறன்ரோ ஊர்ச்சங்கம் இனி நம்புமா, பொலிசுக்குப் போவதா, அந்தப் பெடியனிடம் ஊர் மன்னிப்புக் கேட்குமா. இவை ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கவேண்டும், எல்லாப் பதிலும் இனிப்பாக இருக்கவேண்டியதில்லை. பொலிஸ் முறைப்பாட்டை நான் திறந்தே விடுவேன். உங்கள் கதாநாயகியின் மனச்சாட்சி வேறு விதமாகச் சொன்னால் அப்படியே எழுதுங்கள்.

11. திருத்தமும் அச்சும்

முதல் திருத்தத்தில் நேரங்களை மட்டும் பாருங்கள். கைப்பிரதியிலுள்ள ஒவ்வொரு நேரத்தையும் 5ஆம் படியின் தாளோடு ஒப்பிட்டு, பக்கத்தில் ‘ரவுட்டர் நேரம்’ அல்லது ‘ஊர் நேரம்’ என்று பென்சிலால் குறியுங்கள். இரண்டும் கலந்த வசனம் ஏதாவது கட்டாயம் அகப்படும். மொழிநடையை அதற்கு முன்னர் தொடவேண்டாம், நேரம் மாறினால் அழகாய்த் தீட்டின பந்தியையே வெட்டவேண்டி வரும்.

பிறகு இரண்டு வாசகரிடமும் கொடுங்கள், ஒரே நேரத்தில். குருவிடம் ‘எங்கே பாதர் பிழையாக நடந்தார்’ என்றும், வயர்காரரிடம் ‘எங்கே ரவுட்டர் பிழையாக நடந்தது’ என்றும் மட்டும் கேளுங்கள். கதை நன்றா என்று கேட்டால் இருவரும் நன்று என்பார்கள்.

அச்சுக்குப் போகமுன் முகவரிகளைக் கழுவுங்கள். கோயிலின் வெளி முகவரியாக ஏதோ ஒரு எண்ணைப் போட்டால் அது உலகில் யாரோ ஒருவருடையதாக இருக்கும். 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்கும் மூன்று தொகுதிகள் இப்படியான எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, அவற்றிலிருந்து எடுங்கள். உள் முகவரிக்கு 192.168 பிரச்சினையில்லை. மின்னஞ்சல் முகவரியை முழுதாய் எழுதாமல் ‘பங்கின் மின்னஞ்சல்’ என்று விடுவது நல்லது. பங்குக்கு உண்மையில் இல்லாத ஒரு ஊர்ப் பெயரையும், அந்தப் பக்கத்தில் கோயில் இல்லாத ஒரு புனிதரையும் தெரிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் நூல் வெளியான மறுநாளே ஏதோ ஒரு பங்கின் பொருளாளர் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்.